நூத்தி நாப்பது ஆயில்

ஆயில் மாற்றுவது நல்ல காரியம். வண்டி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அந்த நல்ல காரியத்தை முறை தவறாமல், போல்ட்டுக்குப் புது வாசர்கூடப் போட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் செய்தேன். செய்துகொண்டிருப்பது ஒரு பொய் என்று அப்போதே தெரியும். அந்தப் பொய் எங்கே இருந்தது, ஆயிலிலா, என் வாயிலா, கையில் இருந்த துணியிலா என்பதில்தான் இன்றுவரை குழப்பம்.

அப்பா பதினோரு வருடம் ஓட்டிய பிக்கப் அது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளிப் பெட்டியோ முருங்கைக்காய்க் கட்டோ ஏற்றினால் பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் போய் விடிவதற்குள் பாலக்காட்டில் இறக்க வேண்டும். மூட்டு தேய்ந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போன பிறகுதான் நிறுத்தினார். நான் திண்டுக்கல்லில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறவன். வண்டி ஓட்டத் தெரியும், அதை வைத்துப் பிழைக்கத் தெரியாது. ஆபரேஷனுக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. விற்றுவிடலாம் என்று முடிவானது.

விற்கப்போகிற நேரம் பார்த்து கிரவுன் கத்த ஆரம்பித்தது.

கிரவுன் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். இதைப் படிக்கிற பலர் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்திருக்க மாட்டீர்கள். பின்சக்கரங்களை இணைக்கிற அச்சின் நடுவில் சட்டி மாதிரி ஒன்று புடைத்துக்கொண்டிருக்கும். இஞ்சினிலிருந்து வரும் தண்டின் சுற்றைச் சக்கரத்தின் பக்கம் திருப்பிவிடுவது அதற்குள் இருக்கும் இரண்டு பல்சக்கரங்கள். சின்னது பினியன், பெரியது கிரவுன். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டையும் ஒரே வேகத்தில் பூட்டிவிட்டால் டயர் தரையில் அரைபடும். ஒன்றை முந்தவும் மற்றதைப் பிந்தவும் விடுவதற்கு அதே சட்டிக்குள் வேறு சில சின்னப் பல்சக்கரங்கள் உண்டு. புத்தகத்தில் இதற்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். எங்கள் பக்கத்துப் பட்டறையில் எல்லாம் சேர்த்து கிரவுன்.

பினியன் பல்லும் கிரவுன் பல்லும் வெறுமனே தொட்டு உருள்வதில்லை. முழுப் பாரத்தோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். இரும்பும் இரும்பும் நேராகத் தொடாமல் இருப்பது நடுவில் ஒட்டியிருக்கும் ஆயில் படலத்தால்தான். அந்த அழுத்தத்தைத் தாங்க ஆயிலில் கந்தகம் சேர்ந்த மருந்து கலந்திருக்கும். பழைய கிரவுன் ஆயிலின் நாற்றம் ஒருமுறை கையில் ஏறினால் ரெண்டு நாளைக்குச் சோப்புக்கு அடங்காது. சோறு பிசையும்போது தெரியும்.

சத்தம் ஐம்பதுக்கு மேல் போனால் வரும். ஊங்ங் என்று ஒரு ஊளை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஊளை மாறிவிடும். மெக்கானிக் அண்ணன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, "செட்டாத்தான் மாத்தணும் தம்பி. எப்படியும் இருபத்தஞ்சாயிரம் ஆயிரும்" என்றார். விற்கப்போகிற வண்டி என்று சொன்னேன். உடனே குரல் மாறியது. "அப்புறம் எதுக்குச் செலவு? தொண்ணூறுக்குப் பதிலா நூத்தி நாப்பது ஊத்துங்க. ரெண்டு மாசத்துக்குச் சத்தம் அமுங்கிரும். அந்தக் காலத்துல மரத்தூளு, வாழைப்பழமெல்லாம் போடுவாங்க. இது நல்ல ஆயிலுதானே, வண்டிக்கு நல்லதுதான்" என்றார்.

நூத்தி நாப்பது என்பது ஆயிலின் தடிமன். தேய்ந்த பற்களுக்கு இடையில் கெட்டி ஆயில் மெத்தை மாதிரி நிற்கும், சத்தம் வெளியே வராது. தேய்மானம் தேய்மானமாகவே இருக்கும். ஆனால் அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. நூத்தி நாப்பது கள்ளச் சரக்கு கிடையாது, கனமான லோடு வண்டிகளுக்கென்றே கடையில் விற்பது. இந்தப் பாதி உண்மைதான் எனக்கு வசதியாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்தேன். ஆயில் சூடாக இருந்தால்தான் அடியில் தங்கியதும் கலந்து முழுசாக வடியும். வாசலில் சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அடியில் சாக்கு விரித்துப் படுத்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கீழே இருந்த ட்ரெயின் போல்ட்டில் ஸ்பானரை மாட்டியதும் சத்தம் வைத்து அவருக்குத் தெரிந்துவிட்டது.

"முதல்ல மேல இருக்கிறதக் கழட்டு."

ஊற்றுகிற துளையின் போல்ட்டைத்தான் முதலில் கழற்ற வேண்டும். அது துருப்பிடித்து வராமல் போனால், கீழே வடித்துவிட்ட வண்டி ஆயில் இல்லாமல் அங்கேயே நிற்க வேண்டியதுதான். ஊற்ற வழி இருக்கிறதா என்று பார்க்காமல் வடிக்கக் கூடாது. பத்து வயதிலேயே அப்பா சொல்லிக்கொடுத்தது, மறந்துவிட்டேன். மேல் போல்ட் வந்தது. பிறகு கீழ் போல்ட். ஆயில் கறுப்பாக, தாரை அறாமல், பழைய எண்ணெய்ச் சட்டியில் விழுந்தது.

ட்ரெயின் போல்ட்டின் முனையில் ஒரு காந்தம் உண்டு. உள்ளே தேய்கிற இரும்புத் தூளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். சாம்பல் நிறத்தில் மை மாதிரி படிந்திருந்தால் பயமில்லை, அது எல்லா வண்டிக்கும் இருப்பது. விரலால் தடவும்போது நெருடக் கூடாது. எனக்கு நெருடியது. பனியன் வேஸ்ட்டால் மையை வழித்தபோது மூன்று துண்டுகள் நின்றன, கம்புத் தானியம் அளவில், ஒரு பக்கம் பளபளவென்று.

கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலில் உருட்டிப் பார்த்தார். "பல்லு போயிருக்கு" என்றார். திரும்ப என் உள்ளங்கையில் வைத்தார். துடைத்துவிடு என்றும் சொல்லவில்லை, துடைக்காதே என்றும் சொல்லவில்லை. துடைத்தேன். காந்தம் புதுசு மாதிரி ஆனது. புது வாசர் போட்டு இறுக்கி, மேல் துளை வழியாகக் குழாய் வைத்து நூத்தி நாப்பதை ஊற்றினேன். துளையின் விளிம்பில் வழியத் தொடங்கியதும் நிறுத்த வேண்டும், அதுதான் அளவு. வாங்கிய ரெண்டு லிட்டரில் கொஞ்சம் மிஞ்சியது.

அடுத்த வாரம் வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். இருபத்தாறு, இருபத்தேழு வயசு இருக்கும். மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டி வந்திருந்தான், வண்டி வாங்குவது வீட்டில் விசேஷம் மாதிரி. பைபாஸ் வரை நன்றாக ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். சத்தம் இல்லை. பானெட்டைத் திறந்து பார்த்தான், டயரைத் தட்டினான், ஆர்.சி. புக்கைப் புரட்டினான். பிறகு கேட்டான்: "கிரவுன் எப்படிண்ணே இருக்கு?"

"போன வாரம்தான் கிரவுன் ஆயில் மாத்தினேன். வாசர்கூடப் புதுசு."

அவன் முகம் மலர்ந்தது. ஒழுங்காகப் பராமரிக்கிற ஆளிடம் வண்டி வாங்குகிறோம் என்கிற நிம்மதி அது. சாவி கொடுக்கும்போது அப்பா வெளியே வரவில்லை. மூட்டு வலி என்று நான்தான் சொன்னேன்.

என் வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. இதை ஒரு கணக்கெழுதுகிறவனின் கர்வத்தோடு எனக்குள்ளேயே பலமுறை சொல்லிக்கொண்டேன். எனக்கு முன்னால் பெரிய மனிதர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள். 1794இல் பிரஷ்ய அரசன் இரண்டாம் ஃப்ரீட்ரிஷ் வில்லியம், மதத்தைப் பற்றி எழுதியதற்காக இம்மானுவேல் காண்ட்டைக் கண்டித்தான். தங்களின் மிக விசுவாசமான பிரஜை என்ற முறையில் இனி எழுத மாட்டேன் என்று காண்ட் வாக்குக் கொடுத்தார். 1797இல் அரசன் செத்தான். மறுவருடமே காண்ட் மதம் பற்றி எழுதி வெளியிட்டார். 'தங்களின் பிரஜை' என்று வேண்டுமென்றேதான் போட்டேன், அந்த அரசன் இருக்கும்வரை மட்டுமே என்னைக் கட்டுப்படுத்தும் வாக்கு அது என்று விளக்கமும் கொடுத்தார். கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று வாதிட்ட அதே காண்ட். அவருக்குப் பொய் வேறு, உண்மையைக் கொண்டு எதிராளியைத் தவறாக நினைக்கவிடுவது வேறு.

நம் ஊர்க் கதை அவ்வளவு தாராளம் காட்டவில்லை. அசுவத்தாமன் என்கிற யானையைக் கொன்றுவிட்டு, அசுவத்தாமன் இறந்தான் என்று தருமன் சொன்னபோது அதுவும் எழுத்துக்கு எழுத்து உண்மைதான். யானை என்பதை மட்டும் துரோணர் காதில் விழாமல் முணுமுணுத்தான். அதுவரை தரைக்கு நான்கு விரற்கடை மேலே ஓடிக்கொண்டிருந்த அவன் தேர் மண்ணில் இறங்கியது. தேருக்குப் போய் ஏன் தண்டனை என்று சின்ன வயதில் தோன்றியிருக்கிறது. இப்போது அப்படித் தோன்றவில்லை.

விற்றுக்கொடுத்த புரோக்கருக்கு இதெல்லாம் வேடிக்கை. "பாத்து வாங்க வேண்டியது அவன் பொறுப்பு" என்பார். நானும் ஒத்துக்கொள்வேன், ஒரு நிபந்தனையோடு. பார்ப்பது அவன் பொறுப்பு என்றால் பார்க்கக் கிடைப்பதை அங்கேயே விட்டுவைப்பது என் பொறுப்பு. சத்தத்தோடு வண்டியைக் கொடுத்து வாயை மூடிக்கொண்டிருந்தால்கூட அவனுக்குக் காது இருந்திருக்கும். நூத்தி நாப்பது ஊற்றியது அவன் காதை அடைக்க. காந்தத்தைத் துடைத்தது அவன் கண்ணை மூட. பிறகு அவன் கேட்ட கேள்விக்கு உண்மையாகப் பதில் சொன்னதில் எனக்கு என்ன பெருமை?

நான்கு மாதம் எந்தத் தகவலும் இல்லை. வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும், நாளாக ஆக எனக்கு லேசாகிக்கொண்டே வந்தது. ஒன்றும் ஆகவில்லையே, அப்படியென்றால் நான் ஒன்றும் செய்யவில்லை என்றுதானே அர்த்தம். 1976இல் தாமஸ் நேகல் எழுதிய ஒரு கட்டுரையில் லாரி டிரைவர் ஒருவர் வருகிறார். பிரேக்கைச் சரிபார்க்காமல் ஓட்டுகிறார். குறுக்கே குழந்தை ஓடிவந்து அடிபட்டுவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தன்னை மன்னிக்க மாட்டார். எந்தக் குழந்தையும் வராவிட்டால் அதே அலட்சியம் ஒரு சின்னத் தவறாகக் கரைந்துபோகும். அவர் செய்தது இரண்டிலும் ஒன்றுதான், வித்தியாசம் ரோட்டில் யார் வந்தார்கள் என்பது மட்டும். இதைப் படித்தபோது தத்துவப் பேராசிரியர்களுக்கும் லாரி பட்டறைக்கும் சம்பந்தம் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். என்னைப் பற்றி எழுதியிருக்கிறது என்று உறைக்கவில்லை.

ஐந்தாவது மாதம் போன் வந்தது.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. கிரவுன் சத்தம் போடுது. நான்தான் கெடுத்துட்டேன். போன மாசம் எம்சாண்ட் ரெண்டு நடை அளவுக்கு மேல ஏத்திட்டேன், டியூ கட்டணும்னு ஆசைப்பட்டு. ஒங்கப்பா பதினோரு வருசம் அவ்ளோ பக்குவமா வச்சிருந்த வண்டி. வீட்ல அவ திட்டித் தீக்கிறா. ஒங்களுக்குத் தெரிஞ்ச நல்ல மெக்கானிக் இருந்தாச் சொல்லுங்கண்ணே."

திட்டுவதற்காகக் கூப்பிட்டிருந்தால் எனக்குப் பதில் தயாராக இருந்தது. பழைய வண்டி, ஓட்டிப் பார்த்துத்தானே எடுத்தே என்று சொல்லியிருப்பேன். அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான்.

அதுவரை நான் எடுத்தது இருபத்தைந்தாயிரம் என்று கணக்கு வைத்திருந்தேன். கணக்கெழுதுகிறவனுக்கு அதுதான் வரும். ஆனால் அந்த ரெண்டு நடை எம்சாண்டுக்கு முன்னாலேயே மூன்று துண்டு என் உள்ளங்கையில் இருந்திருக்கிறது. அது தெரியாமல் அவன் தன்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருந்தான், பேராசைக்காரன், வண்டி வைத்துக்கொள்ளத் தெரியாதவன் என்று. அவன் மனைவியும் அதை நம்பிவிட்டாள். எங்கள் வாசலில் செய்த காரியத்துக்கு வேடசந்தூரில் ஒரு வீட்டில் சண்டை. பணத்தையாவது திருப்பிக் கொடுக்கலாம். இதைத் திருப்பிக் கொடுக்க உண்மையைச் சொல்வதைத் தவிர வழி இல்லை. மெக்கானிக் நம்பரைக் கொடுத்து பாதிச் செலவை 'உதவியாக' அனுப்பிவிடலாம் என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. நல்லவன் என்ற பெயரோடு வெளியே வந்துவிடலாம். இன்னொரு முறை நூத்தி நாப்பது ஊற்றுவது.

"நீ கெடுக்கல தம்பி" என்றேன். "எங்ககிட்ட இருந்தப்பவே சத்தம் இருந்துச்சு. கெட்டி ஆயில் ஊத்தி அமுக்கித்தான் வித்தேன். காந்தத்துல பல்லுத் துண்டு இருந்துச்சு, தொடச்சுட்டேன். லோடு ஏத்துனதால சீக்கிரம் வந்திருக்கலாம், ஆனா வந்திருக்கும். செலவுல என்ன ஆகுதோ நான் தாரேன்."

மறுமுனையில் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. நெடுநேரம் அது மட்டும்தான். பிறகு, "ஆயில் மாத்துனேன்னு சொன்னீங்களேண்ணே" என்றான். கோபமாகக்கூட இல்லை. வாக்கியத்தைத் திரும்ப ஒருமுறை சரிபார்க்கிற மாதிரி.

"மாத்துனேன்" என்றேன்.

வைத்துவிட்டான். அப்பாவிடம் சொன்னேன். அவர் காலை நீட்டி மூட்டைத் தடவிக்கொண்டு, "எவ்வளவு ஆகுமாம்?" என்று மட்டும் கேட்டார்.

ரெண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. கறுப்புக் கை ஒன்று, அதில் ட்ரெயின் போல்ட், காந்தம் முழுக்கத் துண்டுகள். எண்ண முடியவில்லை. கீழே, 'இப்டித்தான் இருந்துச்சா' என்று எழுதியிருந்தான்.

'இத விடக் கம்மி. மூணு' என்று அனுப்பினேன்.