பனியிலே நடந்த சூசையப்பர்



மார்கழி பிறந்தால் உதகையில் புல்தரை உறைபனியால் வெளுத்துக் கிடக்கும். நம் பர்லியாரிலோ மங்குஸ்தானும் ஜாதிக்காய் மரமும் செழிக்கிற வெப்பம். குளிரைப் பார்க்க நாம் மேலே ஏறித்தான் போகவேண்டும். இன்றைக்கு அதிலும் கடுங்குளிரான ஓரிடத்துக்கு, ஒரு சித்திரத்தின் வழியாய், உங்களை அழைத்துப்போக ஆசைப்படுகிறேன்.

பெல்ஜியம் தேசத்தில் பிரசல்ஸ் நகரத்துச் சித்திரசாலையில் இருக்கும் அந்தப் படத்தை, 1566-ம் வருஷத்தில் பீட்டர் புரூகல் என்பவர் பலகையின்மேல் தைல வர்ணத்தால் தீட்டினார். ‘பெத்லேகேமில் குடிக்கணக்கு’ என்பது அதன் பெயர். ஆனால் படத்தில் யூதேயா நாடு இல்லை. ஓவியருடைய சொந்த நாட்டுக் கிராமந்தான் இருக்கிறது. கூரையெல்லாம் பனி. உறைந்துபோன தண்ணீரின்மேல் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள். முன்னால் ஒரு பன்றியை அறுக்கிறார்கள். இடதுபக்கச் சத்திரத்தண்டை ஜனங்கள் நெருக்கியடித்துப் பேர் எழுதிக் காசு கட்டுகிறார்கள். சுவரிலே, அந்நாளில் அத்தேசத்தை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் இருதலைக் கழுகு முத்திரை. செசார் அகுஸ்துவின் கட்டளைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வரி கேட்கிற கை எக்காலத்திலும் ஒன்றே என்று ஓவியர் நினைத்தார் போலும்!

தேவதாய் எங்கே? தேடத்தான் வேண்டும். தோளில் ரம்பத்தைச் சுமந்து குனிந்து நடக்கிறார் ஒரு தச்சர். அவர் பின்னே கழுதையின்மேல் போர்வைக்குள் ஒடுங்கிய ஒரு பெண். கூடவே ஓர் எருது. தலையைச் சுற்றி ஒளிவட்டமில்லை. ஊரார் தங்கள் தங்கள் வேலையிலே இருக்கிறார்கள்.

புரூகல் 1551-ல் ஆன்ட்வெர்ப் ஓவியர் சங்கத்தில் சேர்ந்தவர். இத்தாலிக்குப் போய்வந்த யாத்திரையில் ஆல்ப்ஸ் மலைகளைக் கண்டவர். 1564-65 குளிர்காலம் மகா கொடியதாயிருந்தது. அவருடைய பனிச் சித்திரங்கள் பெரும்பாலும் அதை ஒட்டியே பிறந்தன. 1569-ல் அவர் மரித்தபோது மகன்கள் இருவரும் சிறு குழந்தைகள். தம் சித்திரங்கள் சிலவற்றால் மனைவிக்குத் தீங்கு வருமென்று அஞ்சி, அவற்றை எரித்துவிடச் சொன்னாராம். 1604-ல் அவர் சரித்திரத்தை எழுதிய கரேல் வான் மாண்டர் அப்படிச் சொல்கிறார்.

நம் தேசத்திலும் கோவாவில் பிறந்த ஆஞ்செலோ த பொன்சேகா (1902-1967) தேவமாதாவுக்குச் சேலை உடுத்திப் படம் தீட்டி, சொந்த ஜனங்களாலேயே கண்டிக்கப்பட்டார். மாதா நம் தெருவில் வந்தால் நமக்குச் சங்கடம்!

ஏன் இதைச் சொல்கிறேன்? 1964-ம் வருஷம் அக்டோபர் 30-ந் தேதி, சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கைத் தோட்டங்களில் இருந்த 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டது. அதுவும் ஒரு குடிக்கணக்குத்தானே. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, நீலகிரிக்கு வந்தவர்களில் பலர் மேட்டுப்பாளையத்திலிருந்து இந்த வளைவுகளின் வழியாய்த்தான் மலையேறினார்கள். மூட்டை முடிச்சோடு, கைப்பிள்ளையோடு, பிள்ளைத்தாய்ச்சிகளும் வந்தார்கள். இங்கே பஸ் நின்றபோது யாராவது அவர்களுக்கு ஒரு வாய் வெந்நீர் கொடுத்தார்களா? வீட்டிலுள்ள பெரியவர்களைக் கேளுங்கள். அப்படி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் உங்களுக்குள்ளேயே இருந்தால், அவர்களையும் கேளுங்கள்.

இன்று ஜார்க்கண்ட், அசாம் பக்கத்திலிருந்து குடும்பங்கள் வந்து நீலகிரித் தோட்டங்களில் கொழுந்து பறிக்கின்றன. அவர்களில் கத்தோலிக்கரும் உண்டு. பாஷை தெரியாமல் பூசையில் கடைசி வரிசையில் முழந்தாளிட்டு, முடிந்ததும் பேசாமல் போய்விடுகிறவர்களைக் கண்டிருப்பீர்கள். அவர்கள் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பாலன் பிறந்த நாளில் பலகாரத் தட்டு எந்தெந்த வீட்டுக்குப் போகவேண்டும் என்று கணக்குப் போடும்போது, அந்த லயத்து வீட்டையும் சேர்த்து எழுதுங்கள். தட்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பாமல் நீங்களே கொண்டுபோங்கள். பெயரைக் கேட்டு வாருங்கள்.

புரூகல் படத்தின் அச்சுப்படி ஒன்றை அடுத்த ஞாயிறு கோவில் வாசலில் வைக்கிறோம். சூசையப்பரை முதலில் கண்டுபிடிப்பது பிள்ளைகளாகத்தான் இருக்கும். ரம்பத்தைத் தேடச் சொல்லுங்கள்.