நல்ல பேச்சாளர் யார்?



பூசை முடிந்து கோயில் படி இறங்கும்போது, "இன்று பிரசங்கம் பிரமாதம்" என்கிறோம். எதை வைத்து அப்படிச் சொல்கிறோம்? குரலையா, அடுக்குமொழியையா?

1845-ம் ஆண்டு மே மாதத்தில் பிரான்சு தேசத்து ஆர்ஸ் என்னும் சிற்றூருக்கு ஒரு துறவி வந்தார். அவர் சாமிநாதர் சபையைச் சேர்ந்த லக்கோர்தேர். 1835-ல் பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்தில் அவர் பிரசங்கிக்கத் தொடங்கியபோது, விசுவாசம் குன்றிய படிப்பாளிகளும் திரண்டு வந்தார்கள். அப்பேர்ப்பட்டவர் ஆர்ஸ் கோயிலில் உட்கார்ந்து யாருடைய பிரசங்கத்தைக் கேட்டார்? இலத்தீன் ஏறாமல் குருமடத்தில் தவித்தவர். பிரசங்கத்தை எழுதிப் பாடுபட்டு மனப்பாடம் செய்தும் நடுவில் மறந்து நின்றவர். அவரே அர்ச். வியான்னி.

ஆகையால் பேச்சுக்கலை வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அர்ச். அகுஸ்தீன் மிலான் நகரில் பேச்சுக்கலை ஆசிரியராயிருந்தவர். அர்ச். அம்புரோசியார் எப்படிப் பேசுகிறார் என்று பார்க்கத்தான் போனார். சொல்லழகை ரசிக்கப்போன இடத்தில் பொருளும் உள்ளே புகுந்தது. 387-ல் அவர் கையாலேயே ஞானஸ்நானம் பெற்றார். பொய் அலங்காரத்தோடு வரும்போது மெய் மட்டும் தூங்கி வழிய வேண்டுமா என்று பிற்காலத்தில் அவரே வாதாடினார். அது நியாயந்தான்.

அப்படியானால் பேசுகிறவன் நடத்தை கெட்டவனாயிருந்தால்? இது கடினமான கேள்வி. மோயீசனின் ஆசனத்தில் அமர்ந்தவர்கள் சொல்வதைச் செய்யுங்கள், அவர்கள் செய்வதைச் செய்யாதீர்கள் என்று சேசுநாதர் போதித்தார் (மத்தேயு 23). பாவி சொன்னதால் சத்தியம் பொய்யாவதில்லை. ஆனால் கேட்கிறவனுக்கு ஒரு சாக்குக் கிடைத்துவிடுகிறது: "இவரே செய்யவில்லையே, எனக்கென்ன?" பிள்ளைகளை ஜெபமாலைக்கு விரட்டிவிட்டுத் திண்ணையில் ஊர்க்கதை பேசும் தகப்பன் இதை அறிவான், அவன் சொன்னது முழுவதும் சரி, பிள்ளைகள் அசையமாட்டார்கள்.

வியான்னியாரிடம் அந்தச் சாக்குச் செல்லவில்லை. தவம் செய்யுங்கள் என்றவர் வேகவைத்த உருளைக்கிழங்கைத் தின்று நாளைக் கழித்தார். பாவசங்கீர்த்தனம் செய்யுங்கள் என்றவர் நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம்கூட அந்தத் தொட்டியிலேயே அடைந்து கிடந்தார். முதுமையில் பல் விழுந்து குரல் தேய்ந்தது. பின்னால் நின்றவர்களுக்கு வார்த்தை சரியாய் எட்டவில்லை. பிரசங்கத்தின் நடுவே நற்கருணைப் பேழைப்பக்கம் திரும்பி, அவர் அங்கே இருக்கிறார் என்று கைகாட்டி அழுவார். அந்த ஜனங்கள் வருவதை நிறுத்தவில்லை.