ஆறாம் ஆண்டிலேயே முடிவாகும் ஐந்தாம் படிவம்

மலேசிய இடைநிலைப்பள்ளியில் ஒரு மாணவர் தம் பாடங்களை உண்மையாகவே தெரிவு செய்ய வேண்டிய கட்டம் ஒன்றுதான். அது மூன்றாம் படிவத்தின் இறுதி. முதல் மூன்று படிவங்களில் எல்லாரும் ஏறத்தாழ ஒரே பாடங்களைப் படிக்கிறார்கள். நான்காம் படிவத்துக்குப் போகும்போதுதான் அறிவியலா, கணக்கியலா, தொழிற்கல்வியா, கலையா என்ற கேள்வி எழுகிறது. அங்கே எடுத்த பாடங்களில்தான் ஐந்தாம் படிவ முடிவில் எஸ்.பி.எம். தேர்வு எழுதப்படுகிறது. ஆனால் மலாக்கா மாநிலத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் பல தமிழ்க் குடும்பங்கள் இந்த முடிவுக்கு அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. பிள்ளை தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டில் இருக்கும்போதே எத்தனை பாடம், எந்த டியூஷன், எத்தனை ‘ஏ’, அதற்குமேல் மெட்ரிகுலேஷனா மருத்துவமா என்பதெல்லாம் பேசி முடிக்கப்படுகிறது. பன்னிரண்டு வயதில் தீர்மானித்ததைப் பதினேழு வயதுவரை அந்தப் பிள்ளை சுமக்க வேண்டியிருக்கிறது.

இந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. அதைப் பேராசை என்று தள்ளிவிட முடியாது. தான் சாய் யான் என்பவர் 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். பின்னர் ஆசகான் பக்கமும் ரப்பர் பரவியது. அந்தத் தோட்டங்களுக்குப் பால் வெட்ட வந்தவர்களின் வழித்தோன்றல்களே இன்று ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, டுரியான் துங்கால் வட்டாரங்களில் வாழும் தமிழர்களில் பெரும்பகுதியினர். இவர்களின் பெற்றோர் தலைமுறைக்கு மூன்றாம் படிவம் ஒரு கதவாகவே இருந்தது. 1992 வரை எஸ்.ஆர்.பி. தேர்வில் தேறாதவர் நான்காம் படிவத்துக்குப் போக முடியாது. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அந்த இடத்திலேயே படிப்பை விட்டுப் பால்மரத்துக்கும் தொழிற்சாலைக்கும் போனார்கள். 1993-இல் அதற்குப் பதிலாகப் பி.எம்.ஆர். தேர்வு வந்தபோது அந்தத் தடை நீங்கியது. தடை போனாலும் அதன் பயம் வீடுகளை விட்டுப் போகவில்லை. வழி தெரியாததால் ஒருமுறை பிள்ளைகள் பின்தங்கினார்கள், இனி வழியை முன்கூட்டியே வரைந்துவிட வேண்டும் என்ற எண்ணம் தாய் தகப்பனுக்குள் ஊறிப்போனது.

பாட எண்ணிக்கை எப்படி ஏறுகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். தூய அறிவியல் எடுக்கும் தமிழ் மாணவருக்கு மலாய்மொழி, ஆங்கிலம், கணிதம், வரலாறு, நன்னெறிக் கல்வி ஆகிய ஐந்தும் கட்டாயம். இயற்பியல், இரசாயனம், உயிரியல், கூடுதல் கணிதம் என்ற நான்கு சேர்ந்தால் ஒன்பது. தமிழ்மொழி பத்தாவது. தமிழ் இலக்கியம் பதினொன்றாவது. ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கணக்கியலையும் சேர்த்தால் பன்னிரண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால் எதற்கும் நியாயம் இருக்கும். மொத்தமாகச் சேர்த்துப் பார்க்க வேண்டிய நேரத்தில்தான் யாரும் பார்ப்பதில்லை.

இந்த எண்ணிக்கைக்கு ஒரு வரலாறும் உண்டு. 2004 எஸ்.பி.எம். தேர்வில் ஜொகூர் மாணவி ஒருவர் 17 பாடங்களில் உயர்ந்த தேர்ச்சி பெற்று நாடு முழுவதும் பேசப்பட்டார். 2008 தேர்வில் கிளந்தான் மீனவர் ஒருவரின் மகள் அதை 20 ஆக்கினார். பாடங்களின் எண்ணிக்கையே சாதனையாகிவிட்ட நிலையில், 2010 முதல் பத்துப் பாடங்களுக்கு மேல் எடுக்க முடியாது என்று 2009-இல் கல்வியமைச்சு அறிவித்தது. அறிவியல் மாணவர்கள் தமிழையும் தமிழ் இலக்கியத்தையும் கைவிட வேண்டிவரும் என்று தமிழ் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. முடிவில் பத்தோடு இரண்டு சேர்த்துப் பன்னிரண்டு வரை எடுக்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. மொழிக்காகப் பெற்ற அந்த உரிமை தேவையானது. ஆனால் எடுக்கலாம் என்ற அனுமதி பல வீடுகளில் எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டளையாக மாறியது.

மெட்ரிகுலேஷன் இந்தப் பதற்றத்தை இன்னும் கூட்டுகிறது. ஓராண்டில் முடிந்து, அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குக் குறுக்கு வழியாக அமையும் படிப்பு அது. மாநிலத்துக்குள்ளேயே, மஸ்ஜித் தானாவை அடுத்த லொண்டாங்கில் மலாக்கா மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. அங்கே ஓர் இடம் கிடைப்பது பல குடும்பங்களின் கனவு. பத்து ‘ஏ’ பெறும் மாணவர்களுக்கு இனப் பாகுபாடின்றி மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று 2024-இல் பிரதமர் அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். அன்றுமுதல் பத்து என்ற எண்ணுக்குத் தனி மதிப்பு வந்துவிட்டது. ஒன்பது பாடம் எடுக்கும் அறிவியல் மாணவருக்குப் பத்தாவது ஒன்று தேவைப்படுகிறது. அந்தப் பத்தாவது இடத்துக்குத் தமிழே பொருத்தம். ஆறாண்டு தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு அதன் அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. பதினொன்றாவதும் பன்னிரண்டாவதும் அப்படியல்ல. பிள்ளைக்கே அவற்றில் விருப்பம் இருந்தாலொழிய அவற்றுக்கு வேறு நியாயம் தேடுவது கடினம்.

பட்டியல் தாளில் இருக்கும்போது எடை தெரிவதில்லை. நாளின் மணிக்கணக்கில் வைத்தால்தான் தெரியும். ஆசகான் பக்கமிருந்து ஜாசினுக்குப் பள்ளிப் பேருந்தில் வரும் நான்காம் படிவ மாணவி ஒருத்தியை எடுத்துக்கொள்ளலாம். விடியற்காலை ஐந்துக்கு எழுந்தால்தான் ஆறு மணிப் பேருந்தைப் பிடிக்கலாம். ஏழரைக்குத் தொடங்கும் பள்ளி இரண்டரை வாக்கில் முடிகிறது. தமிழ்மொழி வகுப்பு கால அட்டவணைக்குள் இடம்பெறாத பள்ளியானால் அதற்குப் பிறகுதான் அது நடக்கும். இன்னொரு நாள் புறப்பாட நடவடிக்கை. வீடு திரும்பிக் குளித்துச் சாப்பிட்டுச் சற்றுச் சாய்வதற்குள் டியூஷனுக்கு நேரமாகிவிடும். கூடுதல் கணிதம் ஒரு நாள், இரசாயனம் ஒரு நாள், இயற்பியல் ஒரு நாள். பத்து மணிக்கு அப்பாவின் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தபின் வீட்டுப்பாடம். சனிக்கிழமை காலை தமிழ் இலக்கிய வகுப்பு. இதில் தூக்கத்துக்கு மிஞ்சுவது ஐந்து, ஐந்தரை மணி நேரம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரையுள்ளவர்களுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது.

இப்படிப்பட்ட நாள்கள் மாதக்கணக்கில் தொடரும்போது வருவதே படிப்புச் சோர்வு. வேலையால் ஏற்படும் இத்தகைய சோர்வை 1974-இல் உளவியலர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் விவரித்தார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை மூன்று கூறுகளாகப் பகுத்தார். பின்லாந்தின் கட்டாரினா சல்மெலா-ஆரோ முதலிய ஆய்வாளர்கள் அதே பார்வையைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொருத்தி, அளவிட ஒரு வினாநிரலையும் உருவாக்கினார்கள். அவர்கள் கண்ட மூன்று கூறுகள் இவை: பள்ளி வேலையால் அசதி, படிப்பிலேயே பொருளில்லை என்ற கசப்பு, தன்னால் முடியாது என்ற எண்ணம். முதலாவது விடுமுறையில் தீரக்கூடும். மற்ற இரண்டும் அவ்வளவு எளிதில் தீர்வதில்லை.

வீட்டில் இதற்குச் சோம்பல் என்றே பெரும்பாலும் பெயர் வைப்பார்கள். கூர்ந்து பார்த்தால் நோட்டுப் புத்தகமே சொல்லிவிடும். நான்காம் படிவத் தொடக்கத்தில் கூடுதல் கணித நோட்டில் முதல் அத்தியாயமான சார்புகள் அடிக்கோல் வைத்துக் கோடிட்டு, விடைக்குக் கீழே இரட்டைக்கோடு போட்டு, தவற்றைச் சிவப்பில் திருத்தி இருக்கும். நாலைந்து மாதம் கழித்து அதே நோட்டில் வழிமுறை இராது. கரும்பலகையிலிருந்து பார்த்தெழுதிய விடை மட்டும் இருக்கும். பக்கங்கள் நிரம்பியிருப்பதால் பெற்றோர் திருப்தி அடைகிறார்கள். பிள்ளையோ யோசிப்பதை நிறுத்தி வெகுநாளாகியிருக்கும். ரப்பர்த் தோட்டத்தில் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்காது: அளவுக்கு மிஞ்சி வெட்டிய மரத்தில் பட்டை இருக்கும், பால் வராது. அதனால்தான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டும் முறை வந்தது.

இந்தச் சோர்வு நெடுநாள் திட்டத்தின் முதல் குறை என்றால், இரண்டாவது குறை அந்தத் திட்டம் நிற்கும் நிலமே நகர்வது. 2015-இல் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்த பிள்ளையை நினைத்துப் பார்க்கலாம். அந்தப் பிள்ளையின் பெற்றோர் ஆறாம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர்., மூன்றாம் படிவத்தில் பி.டி. 3, ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். என்ற மூன்று தேர்வுகளை மனத்தில் வைத்தே திட்டமிட்டிருப்பார்கள். 2020-இல் அந்தப் பிள்ளை ஆறாம் ஆண்டுக்கு வந்தபோது பெருந்தொற்றால் யூ.பி.எஸ்.ஆர். நடக்கவில்லை, 2021-இல் அந்தத் தேர்வே ஒழிக்கப்பட்டது. 2022-இல் பி.டி. 3-உம் போனது. நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பகுப்பு 2020-லேயே நீங்கி, பாடத் தொகுப்பு முறை வந்துவிட்டது. பள்ளித் தவணைத் தொடக்கம்கூட 2022-இல் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்கு மாறியது. ஆக, அந்தப் பிள்ளை எழுதிய முதல் பொதுத்தேர்வு எஸ்.பி.எம்.தான்.

அதற்கு முந்திய தலைமுறைக்கும் இதே கதைதான். 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009-இல் அந்தக் கொள்கையைக் கைவிட முடிவானது. 2016-இல் இருமொழித் திட்டம் என்ற பெயரில் ஆங்கிலம் ஒரு பகுதியாகத் திரும்பி வந்தது. எஸ்.பி.எம். சான்றிதழ் பெற வரலாற்றில் தேர்ச்சி கட்டாயம் என்ற விதி 2013-இல் நடைமுறைக்கு வந்தது. 2016 முதல் ஆங்கிலத்திலும் அப்படியே என்று சொல்லி, பிறகு ஒத்திவைத்தார்கள். ஐந்தாண்டுக்கு முன் எழுதிய அட்டவணை இத்தனை மாற்றத்தில் எதைத் தாங்கும்?

மூன்றாவது குறை பிள்ளையைப் பற்றியது. பன்னிரண்டு வயதில் ‘டாக்டர்’ என்று சொல்லும் பிள்ளை, பெரும்பாலும் தனக்குத் தெரிந்த நான்கைந்து தொழில்களில் ஒன்றைச் சொல்கிறது. பதினைந்து வயதில் அதே பிள்ளைக்குப் பட்டறையில் இயந்திரம் பிடிக்கலாம், கணக்கு வழக்கு பிடிக்கலாம், தமிழ் கற்பிக்கப் பிடிக்கலாம். திட்டம் முழுதாக எழுதப்பட்ட வீட்டில் இந்த மாற்றம் துரோகம்போல் பார்க்கப்படுகிறது. ‘இவ்வளவு செலவழித்தோமே’ என்ற ஒரு வாக்கியத்தில் பிள்ளை வாயை மூடிக்கொள்கிறது.

அப்படியானால் திட்டமே வேண்டாமா? வேண்டும். எதை எப்போது முடிவெடுக்க வேண்டுமோ அப்போது எடுப்பதே நல்ல திட்டம். முதல் மூன்று படிவங்களில் முடிவெடுக்க அதிகமில்லை. உறுதிப்படுத்தத்தான் நிறைய உண்டு. தமிழ்ப்பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு மலாய்மொழி வலுப்பட வேண்டும். ஒன்றாம் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்து வரும் பிள்ளைக்கு இது இன்னும் முக்கியம். வரலாறும் நன்னெறியும் அந்த மொழியில்தான் எழுதப்படுகின்றன. அடிப்படைக் கணிதம் ஐயமின்றித் தெரிந்தால், நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதம் எடுக்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை தானாகவே வரும். வாசிப்பு, ஒரு விளையாட்டு, போதிய தூக்கம் ஆகியவையும் இந்தக் காலத்து வேலைகள். பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பெண்ணில் பத்து விழுக்காடு புறப்பாடத்துக்கு உரியது என்பதால், விளையாட்டு வீண் என்று சொல்வதற்கும் இடமில்லை.

மூன்றாம் படிவ இறுதியில் எடுக்கும் முடிவே கனமானது. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்குத் தூய அறிவியலும் கூடுதல் கணிதமும் இல்லாமல் பின்னால் திரும்பி வருவது கடினம். ஆகவே அந்தப் பாடங்களைப் பற்றி அப்போது ஆழமாகப் பேச வேண்டும்; மதிப்பெண்ணோடு, பிள்ளையின் விருப்பமும் மேசைக்கு வர வேண்டும். கூடுதல் பாடங்களை நான்காம் படிவத்தின் முதல் சில மாதங்களுக்குப் பிறகு, எஸ்.பி.எம். பதிவுக்கு முன், மறுபடி எடைபோடலாம். தாங்காத பாடத்தை விடுவது தோல்வியில்லை. அப்படி விடும்போது முதலில் தமிழை வெட்டுவதுதான் பலருக்குப் பழக்கம். ஒன்பது பாடத்தோடு ஒட்டவைத்த கடைசிப் பாடமாகத் தமிழை எண்ணுவதால் வரும் வினை அது. தமிழைத் தொடக்கத்திலேயே அடிப்படைப் பாடங்களோடு சேர்த்து எண்ணினால், விடவேண்டியது வேறு எது என்பது தெளிவாகும்.

எஸ்.பி.எம். முடிவுக்குப் பிறகும் வழிகள் உண்டு. மெட்ரிகுலேஷன் கிடைக்காதவருக்கு ஆறாம் படிவம் இருக்கிறது. 2012 முதல் அதன் தேர்வான எஸ்.டி.பி.எம். மூன்று தவணைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒரே தேர்வில் எல்லாம் தீர்மானமாகும் நிலை மாறிவிட்டது. பாலிடெக்னிக் உண்டு, டிப்ளோமா உண்டு, ஆசிரியர் பயிற்சிக் கழகம் உண்டு. டுரியான் துங்காலில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா இருக்கிறது. ஒரு கதவு அடைபட்டால் வாழ்க்கையே அடைபட்டுவிடும் என்பது எஸ்.ஆர்.பி. காலத்து உண்மை; இன்றைய உண்மை அதுவல்ல.

எனவே பெற்றோர் செய்யத்தக்கது இது: வரும் ஓராண்டை விவரமாகத் திட்டமிடுங்கள், அடுத்த ஆண்டைக் கோடிட்டு வையுங்கள், அதற்கப்பால் உள்ளதைப் பிள்ளைக்கே விட்டுவையுங்கள். பாடங்களின் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன் தூங்கும் நேரத்தைக் கேளுங்கள். பதினேழு வயதில் பத்துப் பாடங்களைத் தெளிந்த மனத்தோடு எழுதும் பிள்ளை, பன்னிரண்டு பாடங்களைக் களைத்த மனத்தோடு எழுதும் பிள்ளையைவிட வெகுதூரம் போகும்.