நீக்கிப் பார்க்க இயலாத காரணம்

காரியத்தைக் கொண்டு காரணத்தை அறியலாம் என்பது, சார்வாகர் நீங்கலாக, நம் தரிசனக்காரர் அனைவருக்கும் சம்மதமே. மலைமேல் புகையைக் கண்டு தீயை ஊகிக்கும் பழைய உதாரணத்தை நையாயிகர் ஓயாமல் எடுத்தாள்வர். ஆயினும், அனுமானம் எவ்வளவு பாடுபட்டு நிலைநாட்டவேண்டிய பிரமாணம் என்பதை விளங்கிக்கொள்வதற்கு, ஏட்டிலுள்ள அந்தப் புகையைக் காட்டிலும், 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய போர்ட் பிளேரின் டெலானிபூரில், பட்டறை வாசலில் நின்றபடி கடகடக்கும் டீசல் பிக்கப் வண்டி அதிகம் உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஓடுகையில் கேளாத சத்தம், நியூட்ரலில் போட்டு நிறுத்தியதும் எழுகிறது. அது கோளாறுதானா என்பதே முதல் கேள்வி. டீசல் எஞ்சினில் பற்றவைக்கும் பொறி கிடையாது. அழுத்தத்தால் கொதிப்பேறிய காற்றில் எண்ணெய் தானே பற்றுவதால், ஓரளவு தட்டல் அதற்குச் சுபாவம். நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிஷத்துக்கு 800 சுற்றுச் சுற்றினால் 1600 தடவை எரிதல் நிகழ்கிறது. அந்த மந்த கதியில் ஒவ்வோர் உதைப்புக்கும் இடையே வேகம் சற்றே தாழ்ந்து எழுவதால், தளர்ந்துபோன பாகம் எதுவாயினும் அப்போது ஆடத் தொடங்கும். சைலன்சர்க் குழாயின் மேல்தகடு உப்புக்காற்றில் துருவேறி விட்டிருக்கலாம். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் நைந்திருக்கலாம். பேரிங்காகவோ கிளட்சாகவோ இன்ஜெக்டராகவோ இருக்கலாம். காரியம் ஒன்று; காரணமாகத் தகுந்தவையோ பல.

கைதேர்ந்த மெக்கானிக், சத்தத்தைக் கேட்டமாத்திரத்தில் எதையும் கழற்றி மாற்றிவிடுவதில்லை. கிளட்சை மிதிக்கிறார், சத்தம் அடங்கினால் கியர்பாக்ஸ் பக்கமோ கிளட்ச் தட்டிலோ தேடுகிறார், மிதித்த பிறகே சத்தம் எழுந்தால் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கிறார். பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்கிறார். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்கிறார். பிறகு இன்ஜெக்டர் ஒயர்களை ஒவ்வொன்றாய்ப் பிடுங்குகிறார். எதைப் பிடுங்கும்போது தட்டல் நிற்கிறதோ, கோளாறு அந்தச் சிலிண்டரில். (பழைய பம்ப் வண்டிகளில் குழாய் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது வழக்கம், காமன் ரெயில் வண்டியில் அப்படிச் செய்யவே கூடாது, பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்துவிடும்.) உள்ளபோது உண்டு என்னும் அன்வயத்தோடு நில்லாமல், இல்லாதபோது இல்லை என்னும் வியதிரேகத்தையும் கையால் நிகழ்த்திக் காட்டிய பின்னரே அவர் தீர்ப்புச் சொல்கிறார்.

இனி ஈசுவர விஷயத்துக்கு வருவோம். உலகம் காரியம், ஆகவே குடத்துக்குக் குயவன்போல அதற்கும் ஒரு கர்த்தா வேண்டும் என்று உதயனர் நியாய குசுமாஞ்சலியில் சாதித்தார். மெய்கண்டாரின் சிவஞானபோதமும் முதற்சூத்திரத்தில் இவ்வழியே தொடங்குகிறது. ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த இராமாநுசர், ஸ்ரீபாஷ்யத்தில் பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் சூத்திரத்தை விளக்குமிடத்தில், இந்த அனுமானத்தைக் கூசாமல் மறுக்கிறார்: காரியம் என்பதனாலேயே கர்த்தா ஒருவர்தான் என்று ஆகாது, பலர் பல காலங்களில் செய்திருக்கலாம், நாம் கண்ட கர்த்தாக்களோ உடம்புடையவர்கள், ஆதலால் பிரம்மத்தை அறிய சாஸ்திரமே பிரமாணம்.

பக்தியின் ஆசாரியரே ஈசுவரனுக்குச் சாதகமான வாதத்தை உடைக்கலாமா என்று வியப்போர் உண்டு. என் சித்தத்துக்கு அதுவே உயர்ந்த பக்தியாகப் படுகிறது. இன்ஜெக்டர் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கலாம். எல்லாப் பொருளிலும் எக்காலத்தும் அந்தர்யாமியாய் நிறைந்திருப்பவனை எங்கிருந்து பிடுங்கிப் பார்ப்பது? இது இராமாநுசர் சொன்ன காரணமன்று, நான் சேர்ப்பது. ஆயினும் அவர் கொள்கைக்கு இது அணுக்கமானதே. சொல்லைக் கொண்டு அறிவது பட்டறையிலும் உண்டு: எடுபிடி வேலை செய்யும் பையனுங்கூட, "இது பேரிங் சத்தம்டா" என்று மேஸ்திரி சொன்ன பிறகுதான், அதுவரை வெறும் இரைச்சலாயிருந்ததில் அதைத் தனியே பிரித்துக் கேட்கிறான். சைவ சித்தாந்தி அருணந்தி சிவாசாரியாரும் காண்டல், கருதல் என்பவற்றோடு, ஆப்தர் சொல்லாகிய உரையையும் அளவையாக வைத்தார்.

சாஸ்திரத்தை ஆப்தவாக்கியமாக ஏற்காதவரிடம் இந்த வழி செல்லாதுதான். அவரிடம் குயவன் வாதமும் செல்லவில்லை: பதினோராம் நூற்றாண்டின் பௌத்தர் ரத்னகீர்த்தி அதை மறுக்கவே தனி நூல் ஒன்று இயற்றினார்.