கசப்பும் கள்ளும்

அண்மையில் ஒரு சனிக்கிழமை மாலை, கல்லடியில் வாவிக்கரையை அடுத்த ஒரு வீட்டு முற்றத்தில் ஆசிரியர் நால்வர் கூடியிருந்தோம். இலண்டனில் நெடுங்காலம் வாழ்ந்துவரும் பழைய பல்கலைக்கழகத் தோழர் ஒருவர் ஊருக்கு வந்திருந்தார். அவர் தம் பெட்டியிலிருந்து துணியிற் சுற்றிய போத்தலொன்றை எடுத்து மேசைமீது வைத்தார். ஆங்கில நாட்டின் சிறுநகர் ஒன்றில் ஐந்து தலைமுறையாக ஒரே குடும்பத்தார் நடத்திவரும் ஆலையிற் செய்த பியர் அது. ‘பிற்றர்’ என்பது அதன் பெயர். கசப்பு என்பதே அச்சொல்லின் பொருள். பனிக்கட்டி இடலாகாது, கிணற்று நீரின் குளிர்ச்சி போதும் என்று அவர் விதித்தார்.

செம்பு நிறமாயிருந்த அப்பானம் முதலில் வறுத்த தானியத்தின் மெல்லிய இனிப்பைத் தந்தது. அதன்பின் கசப்பு வந்தது. பாகற்காய்க்கும் வேப்பம்பூவுக்கும் பழகிய எமது நாவுக்குக் கசப்பு புதிதன்று. எனினும் விழுங்கிய பின்னும் நாவடியில் நெடுநேரம் தங்கிய அதன் நிதானம் புதிதாயிருந்தது. நன்றாகவே இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. போத்தலில் ஒட்டியிருந்த தாளில் அக்குடும்பத்தின் பெயரும் ஆலை தொடங்கிய ஆண்டும் பொன்னெழுத்தில் அச்சிடப்பட்டிருந்தன. “மரபு என்றால் இதுவன்றோ!” என்று ஒருவர் வியந்தார். நாமும் தலையசைத்தோம்.

வீடு திரும்பும் வழியில், கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போதுதான் அவ்வாரம் எமது வகுப்பில் நிகழ்ந்த ஒன்று நினைவில் எழுந்தது. மாணவர் விபரப் படிவத்தில், ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில், ஒரு மாணவன் ‘கூலி’ என்று எழுதியிருந்தான். அவனுடைய தந்தையை நாம் அறிவோம். விடியற்காலையில் சைக்கிளின் இருபுறமும் கலன்களைக் கட்டிக்கொண்டு தென்னந்தோப்புகளிலிருந்து கள்ளுடன் வருபவர் அவர். மறுநாள் திருக்குறளில் ‘கள்ளுண்ணாமை’ அதிகாரத்தைக் கற்பித்தோம். பாடம் முடியும்வரை அம்மாணவன் புத்தகத்திலிருந்து தலையை உயர்த்தவில்லை. நாம் அதனைக் கண்டோம். கண்டும் அடுத்த குறளுக்குச் சென்றோம்.

ஒரே வாரத்தில் ஒரு மதுவுக்கு முன்னால் தலையசைத்தோம். இன்னொரு மதுவின் பெயரால் ஒரு சிறுவனைத் தலைகுனிய வைத்தோம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு அறத்தின்பாற்பட்டதா, அன்றி வேறெதன்பாற்பட்டதா? இதுவே ஈண்டு நாம் ஆராய விரும்பும் வினா.

முதலில் பொருளளவில் ஒப்புநோக்குவோம். பிற்றர், முளைகட்டிய வாற்கோதுமையின் சாற்றில் ஹொப் என்னும் கொடிப்பூவின் கசப்பை ஏற்றி, மதுவம் சேர்த்து நொதிக்க வைப்பது. பழைய முறையிற் செய்யும்போது அதனை வடிகட்டிச் சூடேற்றி அடக்கிவிடுவதில்லை. விடுதியின் நிலவறையில் பீப்பாவுக்குள் இருக்கும்போதும் அது நொதித்துக்கொண்டேயிருக்கும். திறந்தபின் சில நாள்களுக்குள் குடித்து முடித்தாக வேண்டும். கள்ளின் கதையும் இதுவே. விரியாத தென்னம்பாளையை இறுகக் கட்டி, நாள்தோறும் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெலிதாகச் சீவி, முட்டியைக் கட்டிவிட்டால் சாறு சொட்டும். காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவமே அதனை நொதிக்கச் செய்கிறது. காலையில் இனித்தது மாலையிற் புளிக்கும். நாள்கள் செல்ல வினாகிரியாகும். இரண்டும் உயிருள்ள பானங்கள். இரண்டுக்கும் ஆயுள் குறைவு. 1876 இல் பியர் பற்றி நூலெழுதிய லூயி பாஸ்டர் அதன் நொதிப்புக்கும் கேட்டுக்கும் காட்டிய காரணம் நுண்ணுயிர்கள். அக்காரணம் தென்னந்தோப்புக்கும் பொருந்தும்.

வெறியின் அளவு காரணமாகுமோ எனின், அதுவுமன்று. பிற்றரில் மதுசாரம் பெரும்பாலும் நூற்றுக்கு 4 அளவில் இருக்கும். கள்ளில் அதற்குச் சற்று மேல். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மதுசாரம் கொண்ட சாராயத்தோடு ஒப்பிட்டால் இவ்விரண்டும் உடன்பிறப்புகளே. ஆயினும் சாராயம் கண்ணாடிப் போத்தலில் வந்து நாகரிக விருந்துகளில் இடம்பெறுகிறது. கள் தவறணையின் பின்புறத்தில் நிற்கிறது.

எனவே காரணத்தை முட்டியிலும் பீப்பாவிலும் அன்றி வரலாற்றிலே தேடவேண்டும். பிரித்தானியர் ஆட்சியில் சாராயம் விற்கும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. அதைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் பெருஞ்செல்வம் ஈட்டினர். இலங்கையின் உள்ளூர் முதலாளி வர்க்கம் தன் மூலதனத்தைத் திரட்டிய முக்கிய வழிகளில் ஒன்று சாராயக் குத்தகையே என்பதைக் குமாரி ஜயவர்தன 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். அப்பணம் தோட்டங்களாயிற்று, மாளிகைகளாயிற்று, பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வியாயிற்று. ஒரு தலைமுறை கழிந்ததும் சாராய வாடை முற்றும் நீங்கிவிட்டது. 1912 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டமோ, பாளை சீவுபவனை அனுமதிப்பத்திரத்துக்கும் மதுவரி அதிகாரிக்கும் கட்டுப்பட்டவனாக்கியது. குத்தகைக்காரன் கனவானானான், மரமேறியவன் மரமேறியாகவே நின்றான்.

கடலுக்கு அப்பாலும் நிலை வேறன்று. தமிழ்நாட்டில் 1987 இல் கள் இறக்குவது தடைசெய்யப்பட்டது. 2003 முதல் அங்கே சாராய வகைகளைச் சில்லறையாக விற்பதை அரசின் நிறுவனமே ஏற்று நடத்திவருகிறது. பனையிலிருந்து இறங்கும் மது ஒழுக்கக்கேடு, ஆலையிலிருந்து இறங்கும் மது அரசிறை என்றால், அந்த ஒழுக்கத்தை வகுத்தது எது என்று கேளாதிருக்க முடியுமா?

இங்கே ‘குடும்பத் தொழில்’ என்னும் சொல்லைச் சற்று நிறுத்தி நோக்குதல் வேண்டும். கென்ற் மாநிலத்து ஃபேவர்ஷாம் நகரின் ஷெப்பர்ட் நீம் ஆலை 1698 ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கூறுகிறது. லூயிஸ் நகரின் ஹார்வீஸ் ஆலை 1790 ஐக் கூறுகிறது. அங்கே தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்வது கட்டடமும் கொப்பரையும் பெயரும் பங்குகளும். சுருங்கக் கூறின், சொத்து. எமது வாவிக்கரையிலும் தந்தையிடமிருந்து மகனுக்கு ஒன்று செல்கிறது. தோப்பு செல்வதில்லை, அது வேறொருவருக்கு உரியது. தளைநாரும் பாளைக்கத்தியும் செல்கின்றன. அவற்றோடு சாதிப் பெயரும் செல்கிறது. நாளுக்கு இருமுறை மரமேறி, மழைக்காலத்தில் வழுக்கும் மரத்தில் உயிரைப் பணயம் வைக்கும் கைத்திறனை நாம் மரபு என்று அழைப்பதில்லை, குலத்தொழில் என்கிறோம். சொத்தாக வந்தால் மரபு, தொழிலாக வந்தால் இழிவு என்பதே நாம் வழங்கும் அகராதி.

ஆங்கில நாட்டு ஆலையையும் கண்மூடிப் போற்ற வேண்டுவதில்லை. நாம் வியந்த பொன்னெழுத்தில் முதலாளியின் குடும்பப் பெயர் இருந்தது. பீப்பா உருட்டிய தொழிலாளியின் பெயர் இல்லை. எனினும் அந்நாட்டு மக்களிடம் கற்கத்தக்கது ஒன்றுண்டு. 1960களில் பெருநிறுவனங்கள் சிற்றாலைகளை விலைக்கு வாங்கி மூடி, வாயுவேற்றிய ஒரே வகைப் பியரை எங்கும் பரப்பின. 1971 இல் பியர் குடிப்பவர் சிலர் ‘கம்ரா’ என்னும் இயக்கத்தைத் தொடங்கிப் பழைய பானத்துக்காகப் போராடினர். தாம் சுவைப்பது எவ்வாறு ஆக்கப்படுகிறது, யார் கையில் இருக்கிறது என்று கேட்பது குடிப்பவனின் உரிமை என்று அவர்கள் கண்டனர். நாமோ கள்ளை மறைவிற் குடிக்கிறோம், வெளியிற் பழிக்கிறோம்.

இவ்வாறு கூறுவது மதுவை வாழ்த்துவதாகுமோ எனச் சிலர் ஐயுறலாம். ஆகாது. அறுவடைக் கூலி கைக்கு வந்த இரவில் கணவன் வரும் ஓசையைக் கேட்டே அவன் நிலையை அறிந்துகொள்ளும் பெண்களின் பிள்ளைகள் எமது வகுப்பில் இருக்கிறார்கள். பசியோடு வரும் பிள்ளைக்குக் கள்ளும் கசிப்பும் சாராயமும் ஒன்றே. 2017 இல் கல்குடாவில் மதுசார உற்பத்திச் சாலை கட்டப்பட்டபோது இம்மாவட்ட மக்கள் எதிர்த்து நின்றதன் நியாயமும் இதுவே. குடியின் கேட்டைக் கண்டிக்கும் உரிமை முதலில் அதன் விலையைச் செலுத்தும் பெண்களுக்கு உண்டு. சிற்றளவில் செய்யப்படுவதாலோ தொன்மையானதாலோ ஒரு மது அக்கண்டனத்திலிருந்து தப்பிவிட முடியாது.

ஆனால் குடியைக் கண்டிப்பது வேறு, ஒரு மக்கட் பிரிவைக் கண்டிப்பது வேறு. வள்ளுவரின் 93 ஆம் அதிகாரத்தைத் திரும்பப் படித்தோம். பத்துக் குறள்களும் உண்பவனைப் பற்றியன. தன்னிலை இழப்பதைப் பழிப்பன. மரமேறுபவனைப் பற்றி அவற்றுள் ஒன்றுமில்லை. அதே தமிழில், அதியமான் மறைந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டு, அவன் தன்னோடு கள்ளைப் பகிர்ந்துண்ட பண்பை எண்ணிக் கலங்குகிறது. உண்ட மன்னனையும் உண்ட புலவரையும் நாம் அறிவோம். அக்கள்ளை ஆக்கியவர் எவரென்று பாட்டு கூறவில்லை. போற்றிய போதும் பழித்த போதும் ஆக்கியவனுக்கு எமது இலக்கியத்தில் பெயரில்லை. பழிக்காத இடத்திற் பழியை ஏற்றிப் படித்தது பின்வந்த சமுதாயம். அந்த வாசிப்பை வகுப்பறைக்குக் கொண்டுவந்தவர்கள் எம்போன்ற ஆசிரியர்கள். பத்துக் குறள்களிலும் இல்லாத ஒருவனை அன்று அம்மாணவன் கண்டான் என்றால், அவ்விடத்தில் அவனை நிறுத்தியது எமது மௌனமே.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? கள்ளுக்குப் பொன்னெழுத்திற் பெயர் எழுதிவிட்டால் தீர்ந்துவிடுமா? தீராது. ஏறுபவனின் நிலை மாறாமல் கள்ளை மட்டும் பண்பாடு என்று கொண்டாடினால், அதுவும் வேறொருவரின் விருந்துக்கே பயன்படும். மரமேறும் தொழிலுக்கு நேரிய கூலியும், விழுந்தால் காப்பும், விற்பனையில் உரிய பங்கும் வேண்டும். அதனினும் முதன்மையாக, அத்தொழிலைப் பிறப்போடு கட்டிய முடிச்சு அவிழ வேண்டும். அம்மாணவன் விரும்பினால் மரமேறாதிருக்கவும், விரும்பினால் ஏறவும், எதுவாயினும் தன் தந்தையின் தொழிலை உரத்துச் சொல்லவும் கூடிய நிலை வரவேண்டும். அதுவரை சுவை பற்றி நாம் பேசுவதெல்லாம் பாதிப் பேச்சே.

வருகிற வாரம் ‘கள்ளுண்ணாமை’யை மீண்டும் கற்பிக்க இருக்கிறோம், இம்முறை குறளில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதையும் சேர்த்தே கற்பிப்போம். படிவத்தில் ‘கூலி’ என்னும் சொல் அப்படியே இருக்கிறது. திருந்தவேண்டியவன் அதை எழுதியவன் அல்லன்.