மூன்றாவது வரி

கிள்ளானிலிருந்து அந்தப் பழைய கணினியைத் துண்டில் சுற்றி, கே.டி.எம். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு கே.எல். சென்ட்ரல் வந்து இறங்கினேன். அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸில் என் அறைக்கு நடை. ஆன்ட்டியின் கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

"கடையில ஹார்ட் டிஸ்க் போச்சு, ஃபார்மட் பண்ணிடலாம்னு சொல்றாங்க தம்பி. அவரு எழுதுனது எல்லாம் அதுலதான் இருக்கு. எல்லாம் இருக்கான்னு பாத்துட்டு மட்டும் சொல்லுங்க."

'பாத்துட்டு' என்ற சொல்லை அப்போது நான் கவனிக்கவில்லை.

பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றியது. திரை கருப்பு. உள்ளிருந்து விட்டு விட்டு நீளமான பீப் ஒலி. பழைய மதர்போர்டுகளில் இது பெரும்பாலும் ரேம் பிரச்சினைதான். ஹார்ட் டிஸ்க்கைத் தேடும் கட்டத்துக்கே கணினி போயிருக்காது. ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மீண்டும் செருகினேன். பீப் நின்றது. அடுத்து, இயங்குதளத்தைக் காணோம் என்றது திரை. தேதி பல வருடம் பின்னால் இருந்தது. மூன்று வோல்ட் சில்லறைக் காசு பேட்டரி செத்துப்போய், பயாஸ் தன் அமைப்புகளை மறந்திருந்தது. புது பேட்டரி போட்டு, எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்கவேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் எக்ஸ்பி எழுந்துவிட்டது. சில ரிங்கிட்தான் செலவு. ஃபார்மட் பண்ணியிருந்தால்?

கோப்புகள் இருந்தன. திறந்தால் எல்லாம் கிறுக்கல். முரசு அஞ்சல் காலத்துத் திஸ்கி எழுத்தில் தட்டச்சு செய்தவை. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ், ஆங்கில எழுத்தும் குறியீடுமாய்த்தான் தெரியும். சேதமா, எழுத்துருதான் இல்லையா என்று உறுதி செய்ய ஒன்றை யூனிகோடுக்கு மாற்றினேன்.

இதுவரை எனக்கு எந்தக் குற்ற உணர்வும் இல்லை. முதல் வரி சரியாக வந்தது. இரண்டாவது வரியும். சோதனை அங்கேயே முடிந்தது. மூன்றாவது வரியை வாசித்தது கணினி பழுது பார்ப்பவன் இல்லை, நான்.

அண்ணனுக்கு எழுதிய கடிதம். கடன் கேட்டு, கெஞ்சி. அனுப்பினாரா என்று தெரியாது. "அவரு யாருகிட்டயும் கை நீட்டுனதே இல்ல" என்று ஆன்ட்டி எத்தனையோ முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

2008இல் ஹாங்காங் நடிகர் எடிசன் சென் பழுது பார்க்கக் கொடுத்த மடிக்கணினியிலிருந்து அந்தரங்கப் படங்கள் வெளியே போயின. தொழில்நுட்பர் ஒருவர் தண்டிக்கப்பட்டார். அந்தச் செய்தியில் குற்றம் யாருடையது என்பதில் குழப்பமில்லை. நான் எதையும் நகலெடுக்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. நம் நாட்டின் 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது. நானோ காசு வாங்கவில்லை. ஆனாலும் இறந்தவர் ஒருவர் மனைவியிடம்கூட மறைத்ததை, ரப்பரும் பேட்டரியும் வைத்திருந்த காரணத்தால் மட்டுமே நான் தெரிந்துகொண்டேன்.

கணினி ஆன்ட்டிக்குச் சொந்தம், சரி. அவர் மறைத்ததும் ஆன்ட்டிக்குச் சொந்தமா? ஆம் என்றால், நான் எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்திருக்கவேண்டும். இல்லை என்றால், அதைத் தீர்மானிக்க நான் யார்? மரியாதை என்ற பெயரில் ஒரு பெண்ணிடமிருந்து அவள் வாழ்க்கையின் ஒரு துண்டை மறைப்பதும் திருட்டு போலத்தான் இருக்கிறது. நான் செய்தது இரண்டுமில்லை. மாற்றிய கோப்பை அழித்தேன். மற்றதைக் கிறுக்கலாகவே பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். "எல்லாம் இருக்கு ஆன்ட்டி" என்றேன். பொய்யில்லை.

போன மாதம் போன் வந்தது. "ஒண்ணும் புரியல தம்பி, வேற பாஷை மாதிரி இருக்கு. நீங்க பாத்தீங்கல்ல, என்னதான் எழுதியிருக்காரு?"

"பழைய எழுத்துரு ஆன்ட்டி. ஒரு நாள் நேர்ல வரேன்."

இன்னும் போகவில்லை.