திமிங்கிலம் பார்க்கப் போகலாமா?

சென்ற மாதம் பங்கு இளைஞர் சிலர் என் அறைக்கு வந்தனர். மிரிஸ்ஸவுக்குச் சுற்றுலா போய்த் திமிங்கிலம் பார்க்க வேண்டும், பஸ் பேச வேண்டும், என் சம்மதம் வேண்டும் என்றார்கள். கூட வந்த ஒரு பெண்பிள்ளை மட்டும், "ஃபாதர், அதுகள வெரட்டி வெரட்டிப் பாக்கிறாங்களாமே, அது பாவமில்லையா?" என்று கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உடனே பதில் சொல்லவும் தெரியவில்லை. ஆகவே வாசகர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் விஷயத்தை அறிந்துகொள்வோம். பதுளையிலிருந்து வெல்லவாய, தங்காலை, மாத்தறை வழியாகச் சென்றால் மிரிஸ்ஸ. அப்பகுதியில், தெவுந்தர முனைக்கு அப்பால், கரைக்குச் சற்றுத் தூரத்திலேயே ஆழ்கடல் தொடங்கிவிடுகிறது. அங்கே சின்னஞ்சிறு இறால் வகைகளை உண்பதற்கு நீலத் திமிங்கிலங்கள் வருகின்றன. உலகில் இன்று வாழும் பிராணிகளில் ஆகப் பெரியது அது. மற்றச் சமுத்திரங்களிலுள்ள அதன் இனங்கள் பல, பருவம் மாறும்போது துருவக் கடல்களை நாடிச் செல்ல, நமது கடலில் உள்ளவை ஆண்டு முழுவதும் வெப்பக் கடலிலேயே தங்குகின்றன. 1960களில் சோவியத் கப்பல்கள் அரபிக் கடலில் இவற்றைச் சட்டத்துக்குப் புறம்பாக நூற்றுக்கணக்கில் கொன்றன. 1979இல் இந்து சமுத்திரம் திமிங்கிலங்களின் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. ஈட்டி போயிற்று, கமரா வந்தது. 2004ஆம் ஆண்டுச் சுனாமியில் அடிபட்டு எழுந்த அக்கரையோரத்தில், 2008 அளவில் தொடங்கிய இத்தொழில் விரைவில் பெருகிற்று. நெருங்காதிருக்க வேண்டிய தூரம் பற்றி 2012இல் விதிகளும் வந்தன. ஆனால் ஒரு திமிங்கிலம் மூச்சுவிட மேலே வந்ததும் பல படகுகள் ஒன்றாய் அதன்மேல் பாயும் காட்சி அங்கே புதிதல்ல. அது மூச்சை முடிக்குமுன்னே மூழ்க நேர்ந்தால், அடியில் இரை தேடும் நேரமும் குறைந்துபோகும்.

தூண்டில் வினோதத்தையும் இதனோடு சேர்த்து நினைக்க வேண்டும். மலைநாட்டவருக்கு அது புதிதன்று. 1880களில் துரைமார் சீமையிலிருந்து ட்ரவுட் மீன் முட்டைகளைக் கப்பலில் தருவித்து, குஞ்சு பொரிக்கச் செய்து, நுவரெலியா, ஹோட்டன் சமவெளிப் பக்கத்து ஓடைகளில் விட்டார்கள். தூண்டில் போட்டு விளையாடுவதற்காகவே அத்தனையும்! (அந்த மீன் முட்டைக்குக் கிடைத்த கவனிப்பு, அதே காலத்தில் கடல் தாண்டி வந்த நம் பாட்டன்மாருக்குக் கிடைத்ததா என்பது வேறொரு கட்டுரைக்குரியது.) இன்று கடலில் படகை வாடகைக்குப் பிடித்து, பெருமீனைத் தூண்டிலில் வெகுநேரம் இழுத்துக் களைக்கச் செய்து, படமெடுத்தபின் விட்டுவிடுகிறார்கள். இதை இரக்கம் என்று சொல்வோருமுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேதுரு வலை வீசியது வயிற்றுக்காக. அங்கே மீன் உணவாகிறது. இங்கே மீனின் தவிப்பே விளையாட்டாகிறது. விட்ட மீனெல்லாம் பிழைப்பதுமில்லை.

குருமடத்தில் புனித தோமா அக்குவினாரைப் படித்தோம். மிருகங்களிடம் கொடுமை செய்து பழகியவன் மனிதரிடமும் கொடியவனாவான், ஆதலால் அது கூடாது என்பது அவர் காட்டும் காரணம். சரிதான், ஆனால் வலி மிருகத்துக்கல்லவா? 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், தேவையின்றி விலங்குகளைத் துன்புறுத்துவது மனித மாண்புக்கே ஒவ்வாது என்கிறது. தூண்டில் வினோதத்துக்கு இது போதும். பார்ப்பதற்கு? பார்ப்பவன் கையில் முள்ளுமில்லை, ஈட்டியுமில்லையே!

இதற்குத் தோட்டத்தில் இருப்போர் விடை அறிவர். ஹப்புத்தளையிலும் எல்லவிலும் வீதியோரத்தில் வான் நிற்கிறது. உல்லாசப் பிரயாணிகள் இறங்குகிறார்கள். கொழுந்து எடுக்கும் பெண்ணை நிமிர்ந்து சிரிக்கச் சொல்கிறார்கள். அவர்கள் கெட்டவர்களல்லர். ஆனால் அவர்கள் படமெடுக்கும் நேரத்திலும் கிலோக் கணக்கு அவளுக்காகக் காத்திருப்பதில்லை. அவள் வேலை அவர்களுக்குக் காட்சி. நம் தாய்மாரை அப்படிப் பார்க்கையில் நமக்கு என்ன செய்கிறது என்று நமக்குத் தெரியும். திமிங்கிலத்தை மனிதருக்குச் சமமாக்கிப் பேசவில்லை. அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், காசு கேட்கலாம், ஏசவும் செய்யலாம். திமிங்கிலத்துக்கு மூழ்குவதைத் தவிர வேறு வழியில்லை.

அப்படியானால் போகாதிருப்பதே நல்லது என்பீர்கள். அவ்வளவு சுலபமல்ல. சுனாமிக்குப் பிறகும், 2022இன் நெருக்கடிக்குப் பிறகும், அந்தப் படகோட்டியின் பிள்ளைகள் உண்பது இதிலிருந்துதான். மேலும், பார்க்க மக்கள் வந்ததனால்தான் இப்பிராணியைப் பற்றிய அக்கறையும் வளர்ந்தது. தெவுந்தர முனையை ஒட்டிப் போகும் பெருங்கப்பல்கள் மோதித் திமிங்கிலங்கள் மாள்வது படகுத் தொல்லையிலும் பெரிய கேடு. 2022இல் எம்.எஸ்.சி. என்னும் பெரிய கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே திருப்பிவிட்டது. ஒருவருமே பாராத பிராணிக்காக அது நடந்திருக்குமோ?

ஆகவே குற்றத்தைப் படகோட்டியின் தலையில் போட்டுவிட்டு நாம் தப்ப முடியாது. "இன்னும் கிட்டப் போ, இனாம் தாரேன்" என்று பின்னாலிருந்து சொல்பவன்தான் இயந்திரத்தை முடுக்குகிறான். காசு கொடுத்தேன், காட்டியே ஆகவேண்டும் என்னும் மனம் உள்ளவரை விதிகளால் என்ன ஆகும்? காணாமலே திரும்பி வரவும் சம்மதமா என்று அந்தப் பிள்ளைகளைக் கேட்டேன். ஒருவன், "பஸ் காசு வீணாப் போயிடுமே ஃபாதர்" என்றான். நேர்மையான பதில். அவர்கள் இரண்டு ஞாயிறு கூடிப் பேசினார்கள். தூரத்தில் இயந்திரத்தைத் தணித்து நிறுத்தச் சம்மதிக்கும் படகைத்தான் பேசுவது, முழுக் கூலியையும் முன்னதாகவே கொடுத்துவிடுவது, இனாம் கொடுப்பதானால் நெருங்காததற்குக் கொடுப்பது என்று தீர்மானித்திருக்கிறார்கள்.

பெப்ரவரியில் பயணம். கேள்வி கேட்ட பிள்ளையும் போகிறாள். நானும் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்; கடற்பிரயாணம் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை.